காது அதிரணுமா, பேட்டரி நிக்கணுமா?

மேசை மேல் கழற்றி வைத்திருந்த ஹெட்செட் டர்ர்ரென்று உறுமிக்கொண்டே விரற்கடை விரற்கடையாக நகர்ந்துபோய்த் தண்ணீர் டம்ளரில் முட்டி நின்றது. கேம்கூட ஓடவில்லை, முகப்புத் திரைதான். அதன் பின்னணி இசையில் இருந்த முரசுக்கே அந்த ஆட்டம். வாங்கி மூன்றாவது நாள் அது, விழுந்து விழுந்து சிரித்தேன். இரண்டரை வருஷம் கழித்து அதே ஹெட்செட்டை அக்கக்காகப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது சிரிப்பு வரவில்லை.

இப்போது அதிர்வே இல்லாத சாதாரண வயர்லெஸ் ஹெட்செட்டுக்கு மாறி எட்டு மாதம் ஆகிறது. நான் எந்தப் பக்கம் என்பதை ஒளிக்கப்போவதில்லை. தினமும் ஆடுகிறவர் என்றால் அதிர்வில்லாததை வாங்குங்கள். ஏன் என்பதற்குத்தான் இவ்வளவு நீளம்.

அதிர்வு ஹெட்செட் என்றதும் ‘பேஸ் கொஞ்சம் தூக்கலாக இருக்கும், அவ்வளவுதானே’ என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. காதுக் கிண்ணத்துக்குள் வழக்கமான ஸ்பீக்கரோடு இன்னொரு சமாச்சாரமும் இருக்கும். கம்பிச் சுருளும் காந்தமும் சேர்ந்து ஆட்டும் ஒரு சின்ன எடை. ஒலியில் உள்ள தாழ்ந்த அதிர்வெண்களை மட்டும் வடிகட்டி எடுத்து அதற்கு அனுப்புகிறார்கள். அது கிண்ணத்தையே உலுக்க, குஷன் வழியாகத் தாடை, கன்னம் வரைக்கும் பரவுகிறது. நல்ல ஸ்பீக்கர் வைத்த தியேட்டரில் குண்டு வெடித்தால் நெஞ்சில் இடிக்கும் இல்லையா? காதில் மாட்டுகிற 50 மில்லிமீட்டர் ஸ்பீக்கரால் நெஞ்சைத் தொட முடியாது. காது சுமார் 20 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்றாலும் அந்த அடிமட்டத்தில் அது மந்தம்தான், சத்தத்தை நிறைய ஏற்றினால்தான் உறைக்கும். அந்தக் குறையைத் தோல் வழியாக ஈடுகட்டுவதுதான் இதன் யோசனை. நல்ல யோசனைதான்.

சிக்கல் எங்கே என்றால், எதற்கு அதிர வேண்டும் என்பது ஹெட்செட்டுக்குத் தெரியாது. பிளேஸ்டேஷன் 5 உடன் 2020இல் வந்த டூயல்சென்ஸ் கன்ட்ரோலரை எடுத்துக்கொள்ளுங்கள். மணலில் நடந்தால் ஒரு மாதிரி, கண்ணாடி மேல் நடந்தால் வேறு மாதிரி என்று கையில் அதிரும். அந்த அதிர்வைக் கேமை உருவாக்கியவர்களே தனியாகச் செதுக்கி வைத்திருப்பார்கள். ஹெட்செட்டுகளில் பெரும்பாலும் அப்படி எதுவும் கிடையாது. கேமிங் கருவிகள் செய்யும் ரேசர் நிறுவனம் 2018இல் நாரி அல்டிமேட் என்ற அதிர்வு ஹெட்செட்டைக் கொண்டுவந்தபோது, பெர்லினில் இருந்த லோஃபெல்ட் என்ற நிறுவனத்தின் நுட்பத்தை அதில் வைத்தது. வருகிற ஒலியை அந்தக் கணமே அதிர்வாக மாற்றும் வேலை. 2020இல் கோர்செர் விட்ட எச்எஸ்60 ஹாப்டிக்கும் ஒலியிலிருந்து அதிர்வைப் பிழிகிற ரகமே. 2024இல் ரேசர் அறிவித்த சென்சா எச்டி என்ற அதிர்வு நுட்பத்தில் கேமிலிருந்தே தனி அதிர்வுத் தடம் வர வழி இருக்கிறது. ஆனால் அந்தக் கேம் அதற்கென்று செய்யப்பட்டிருக்க வேண்டும். மற்றதற்கெல்லாம் ஒலியை வைத்து எதற்கு அதிரலாம் என்று ஊகிக்கிற பழைய கதைதான்.

அந்த ஊகம் நடைமுறையில் எப்படி இருக்கும் தெரியுமா? வாய்ஸ் சாட்டில் இருக்கிற நண்பன் மைக்குக்குப் பக்கத்தில் இருமினால் என் தாடை ஆடும். தலைக்கு மேல் ஹெலிகாப்டர் சும்மா வட்டமடித்துக்கொண்டிருந்தால் பத்து நிமிஷமும் காது குடையும். கண்ணாடி போடுகிறவர்களுக்கு இன்னொரு கொடுமை: அதிர்வு கண்ணாடிக் காம்பு வழியாக மூக்குத் தண்டுவரை போய்விடுகிறது. பெரிய வெடிப்பு வந்தால் திரையே லேசாக மங்குவது போல இருக்கும். திரை சரியாகத்தான் இருக்கிறது, ஆடுவது என் லென்ஸ்.

சரி, நல்லதையும் சொல்லிவிடுகிறேன். கார் பந்தயத்தில் இது அபாரம். வளைவில் ஓரமாகப் போட்டிருக்கும் வரிமேடு மேல் சக்கரம் ஏறும்போது இடது காதில் மட்டும் தடதடவென்று வரும். எந்தப் பக்கம் பாதையை விட்டு வெளியே போகிறோம் என்று கண் பார்ப்பதற்கு முன்னால் கன்னம் சொல்லிவிடும். தனியாக உட்கார்ந்து ஆடும் திகில் கேம்களும் அப்படியே. கதவுக்கு அந்தப் பக்கம் ஏதோ கனமாக நடக்கிறது என்பதைக் கேட்பதைவிட உணர்வதுதான் பயம். இன்னொரு நன்மையைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. வெடிச்சத்தம் தோலில் படுவதால் வால்யூமை ஏற்ற வேண்டும் என்ற அரிப்பு குறைகிறது. நான் வழக்கமாக வைப்பதைவிட ரெண்டு மூன்று புள்ளி குறைத்தே வைத்திருந்தேன். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரம், 80 டெசிபல் என்று வரம்பு சொல்கிறது. தினமும் ஹெட்செட்டோடு வாழ்கிறவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

ஆனால் ஆன்லைனில் துப்பாக்கிச் சண்டை என்று வந்தால் கதை வேறு. தாழ்ந்த ஒலி பலமாக இருந்தால் அதைவிட உயர்ந்த அதிர்வெண்ணில் வரும் மெல்லிய ஒலிகளை அது மூடிவிடும், காதின் இயல்பே அது. போதாததற்குக் கிண்ணம் வேறு குலுங்குகிறது. பக்கத்தில் ஒரு குண்டு விழுந்து அதிர்வு அடங்குகிற அந்த ஒரு நொடிக்குள் எதிரி படியேறி வந்துவிடுவான்.

“மச்சான், பின்னாடி வர்றான்டா, காலடி கேக்கலையா உனக்கு?”

“கேக்கல மச்சான், காது ஆடிட்டிருக்குடா.”

இந்த உரையாடல் எங்கள் குழுவில் அத்தனை முறை நடந்த பிறகு, குழுவாக ஆடும்போதெல்லாம் அதிர்வை அணைத்து வைக்க ஆரம்பித்தேன். வாரத்தில் ஐந்து நாள் குழுவோடுதான் ஆட்டம். கணக்குப் பார்த்தால் வாங்கிய சிறப்பம்சத்தை ரெண்டு நாள்தான் பயன்படுத்தினேன்.

மைக், டாங்கிள் (கணினியில் செருகுகிற சின்ன வயர்லெஸ் துண்டு), ப்ளூடூத் பற்றியெல்லாம் நீட்டி முழக்கத் தேவையில்லை, இரண்டு ரகத்துக்கும் பொதுவானது. ஆடுவதற்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிள்தான் வேண்டும், ப்ளூடூத்தில் தாமதம் தெரியும், மைக்கைத் திறந்தால் ஒலித்தரமும் சரியும். டாங்கிளை யுஎஸ்பி 3.0 போர்ட்டுகளுக்கு நடுவில் செருகாமல் ஒரு நீட்டிப்பு வயரில் வெளியே கொண்டுவாருங்கள். அந்தப் போர்ட்டுகளின் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸில் குறுக்கிடும். விட்டுவிட்டு அறுகிறது என்று ஹெட்செட்டைத் திட்டுகிறவர்களில் பலருக்கு இதுவே மருந்து.

எடை மட்டும் ஒரு வரி. அதிரும் எடை, அதற்கேற்ற பெரிய பேட்டரி, அதைத் தாங்க உறுதியான சட்டம் எல்லாம் சேர்ந்து அதிர்வு ரகம் 400 கிராமை நெருங்கிவிடும், சிலது தாண்டவும் செய்யும். லாஜிடெக் ஜி ப்ரோ எக்ஸ் 2 போன்ற சாதாரண ரகம் 345 கிராம். கையில் வைத்தால் வித்தியாசம் அற்பம், மூன்றாவது மணி நேரத்தில் கழுத்து சொல்லும்.

இனிமேல்தான் என்னை மாற்றிய விஷயம்: பேட்டரி. எவ்வளவு நேரம் நிற்கும் என்பதைப் பெட்டியிலேயே போட்டிருப்பார்கள், அதைச் சொல்லவில்லை. எத்தனை வருஷம் நிற்கும் என்பதைத்தான் சொல்கிறேன்.

அந்த நாரி அல்டிமேட்டையே உதாரணத்துக்கு எடுப்போம் (நான் வைத்திருந்தது அது இல்லை). விளக்கும் அதிர்வும் ஓடினால் 8 மணி நேரம், இரண்டையும் அணைத்தால் 20 மணி நேரம் என்பது அதற்குச் சொல்லப்பட்ட கணக்கு. இன்னொரு பக்கம் ஹைப்பர்எக்ஸின் கிளவுட் ஆல்ஃபா வயர்லெஸ். அதிர்வு இல்லை, விளக்கு இல்லை, 300 மணி நேரம். தினம் இரண்டரை மணி நேரம் ஆடினால் வருஷத்துக்குச் சுமார் 900 மணி நேரம். அதை 8ஆல் வகுத்தால் வருஷத்துக்கு 110க்கும் மேல் முழுச் சார்ஜ். 20ஆல் வகுத்தால் 45. 300ஆல் வகுத்தால் மூன்று. மூன்றே மூன்று!

லித்தியம் அயான் பேட்டரி சாதாரணமாக 300 முதல் 500 முழுச் சுழற்சிகளில் தன் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கை இழக்கும். அதிர்வோடு ஆடுகிறவர் மூன்று, நான்கு வருஷத்தில் அந்த எல்லைக்குள் போய்விடுவார். பாதியில் செருகிப் பாதியில் எடுத்தாலும் தப்பிக்க முடியாது, இரண்டு அரைச் சார்ஜ் சேர்ந்தால் ஒரு முழுச் சுழற்சிதான். அதுவும் 20 மணி நேரத்தில் ஐந்தில் ஒன்று போனால் 16 நிற்கும், யாருக்கும் உறைக்காது. 8 மணி நேரத்தில் போனால் ஆறரைகூட நிற்காது, விடுமுறை நாளில் நடு ஆட்டத்தில் கழுத்தறுக்கும். சுழற்சியே ஓடாவிட்டாலும் பேட்டரி கிழடாகும் என்பதையும் சொல்ல வேண்டும். முழுச் சார்ஜில், வெப்பத்தில் கிடந்தால் இன்னும் சீக்கிரம். ஆகையால் 300 மணி நேர ஹெட்செட் நூறு வருஷம் வரும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது வயதால் சாகும், உழைப்பால் சாகாது.

என்னுடையது எப்படிப் போனது? முதல் வருஷம் குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டாவது வருஷக் கடைசியில் அதிர்வோடு நாலு மணி நேரம்தான் நின்றது. அப்புறம் ஒரு விசித்திரம் தொடங்கியது: பேட்டரி 30 சதவீதம் என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே பெரிய வெடிப்பு ஒன்று வந்தால் ஹெட்செட் பொசுக்கென்று அணைந்துவிடும். அதிர்வு மோட்டார் திடீரென்று கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கிறது, கிழட்டு பேட்டரியின் உள்தடை ஏறியிருப்பதால் வோல்டேஜ் குப்புற விழுகிறது. அதாவது எந்தக் காட்சிக்காக அதை வாங்கினேனோ, சரியாக அந்தக் காட்சியில் ஊமையாகிவிடும்.

நிறுவனத்துக்கு எழுதினேன். பேட்டரி உதிரிபாகமாகத் தருவதில்லை, உத்தரவாதமும் முடிந்துவிட்டது, புதிய மாடல் வாங்கத் தள்ளுபடி தருகிறோம் என்று மரியாதையாகப் பதில் வந்தது. நானே பிரித்தேன். குஷனை உருவினால் அடியில் நாலு திருகு. கிண்ணம் திறந்ததும் பேட்டரி ஒரு பக்கம், சர்க்யூட் போர்டு மறுபக்கக் கிண்ணத்தில், தலைப்பட்டைக்குள் ஓடும் முடி மாதிரி வயர்கள் இரண்டையும் இணைக்கின்றன. பேட்டரியை இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டித் தொலைத்திருந்தார்கள், பலமாக நெம்பினால் ஓட்டையாகித் தீப்பிடிக்கும் பயம். ஒருவழியாக எடுத்தேன். அதிலிருந்து மூன்று வயர்கள் வந்தன: சிவப்பு, கறுப்பு, கூடவே ஒரு மஞ்சள். அதே அளவில் நான் வாங்கிய மாற்று பேட்டரியில் இரண்டுதான். மஞ்சள் வயர் வெப்பத்தை அளக்கிற தெர்மிஸ்டருக்குப் போவது. அது இல்லையென்றால் போர்டு சார்ஜ் ஏற்றவே மறுத்துவிட்டது. மறுத்தது நியாயமே. வேறு வழியில்லாமல் பழைய பேட்டரியையே திரும்ப வைத்து மூடினேன்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டு பேட்டரி ஒழுங்குமுறைப்படி, 2027 பிப்ரவரி 18 முதல் இத்தகைய கையடக்கச் சாதனங்களின் பேட்டரியைப் பயனரே கழற்றி மாற்ற முடிய வேண்டும். அது வந்தபின் என் வாதத்தின் பாதிப் பலம் போய்விடலாம், போகட்டும். இப்போதே அப்படி ஒன்று வேண்டுமென்றால் ஸ்டீல்சீரிஸ் ஆர்க்டிஸ் நோவா ப்ரோ வயர்லெஸ் இருக்கிறது. இரண்டு பேட்டரி தருவார்கள், ஒன்று தலையில் ஓடும்போது மற்றொன்று மேசைப் பெட்டியில் ஏறிக்கொண்டிருக்கும். அதிலும் அதிர்வு கிடையாது.

அதிர்வு இல்லாமல் முடியாது என்கிறவர்களுக்கு ஒரு யோசனை: வயர் உள்ள அதிர்வு ஹெட்செட்டைப் பாருங்கள். மேலே சொன்ன எச்எஸ்60 ஹாப்டிக் யுஎஸ்பி வயரில் ஓடுவது. ரேசரின் கிராக்கன் வி3 ஹைப்பர்சென்ஸும் அப்படியே. கிழடாக பேட்டரியே இல்லை, அதிர்வை எவ்வளவு ஏற்றினாலும் கவலையில்லை. எதை வாங்கினாலும் அதிர்வைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் ஹெட்செட்டிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். மென்பொருளுக்குள் போய்த்தான் குறைக்க வேண்டும் என்றால் குறைக்க மாட்டீர்கள், அணைத்துவிடுவீர்கள்.

நான் நீண்டநாள் பயன்படுத்தியது ஒரே ஒரு அதிர்வு ஹெட்செட், அதுவும் கணினியில். 2024க்குப் பிந்தைய தலைமுறையைத் தலையில் மாட்டியது ஒரு மாலைப்பொழுது மட்டும். அதிர்வின் நயம் கூடியிருக்கிறது, மரம் முறிவதும் இரும்பு மோதுவதும் வேறுவேறாகத் தெரிந்தன. பேட்டரி எத்தனை வருஷம் தாங்கும் என்பது ஒரு மாலையில் தெரிகிற விஷயமில்லை.

புதிய ஹெட்செட்டில் வாரக் கடைசியில் ஒருமுறை பேட்டரி அளவைப் பார்ப்பதோடு சரி. காலடி கேட்கிறது, மச்சான் திட்டுவதில்லை. பழையதை யாருக்காவது விற்கலாம் என்றால் நாற்பது நிமிஷம் நிற்கிற ஹெட்செட்டை யார் வாங்குவார்? சார்ஜ் வயரைச் செருகியபடியே ஸ்டியரிங் வீல் பக்கத்தில் நிரந்தரமாகத் தொங்கவிட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கார் பந்தயத்துக்கு மட்டும் அதை மாட்டிக்கொள்வேன். வயர் தோளில் உரசும், வரிமேட்டில் ஏறினால் இடது கன்னம் தடதடக்கும்.