ஊட்டிக்குள் காரா, மேட்டுப்பாளையத்தில் நிறுத்திவிட்டு பஸ்ஸா?

அனுமதி: காருக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயம். அரசு பஸ்ஸுக்கு வேண்டாம்.

இடம்: ஒரு காருக்கு 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம் வேண்டும். சீசனில் சேரிங் கிராஸ் பக்கம் அதைத் தேடிச் சுற்றும் கார்களே நெரிசலைக் கூட்டும். பஸ்ஸோ ஐம்பது பேரை ஏறக்குறைய மூன்று கார் இடத்தில் அடக்கிவிடும்.

சரிவு: ஹேண்ட்பிரேக்கை மட்டும் நம்பக்கூடாது. ஏற்றம் பார்த்து நின்றால் முதல் கியர், இறக்கம் பார்த்தால் ரிவர்ஸ். சக்கரத்தை மண்மேட்டுப் பக்கம் திருப்பி, இறக்கப் பக்கம் கல் வையுங்கள். கிளம்பும்போது அந்தக் கல்லை நடுரோட்டில் விட்டுப் போகாதீர்கள்! பஸ்ஸில் இந்த வேலையே இல்லை.

முதியவர், கைக்குழந்தை, கோத்தகிரி வரை சுற்றல் என்றால் கார். ஏரியும் தாவரவியல் பூங்காவும் மட்டும் என்றால் பஸ்தான்.