பின் கமராவுக்கு வயர் இழுக்கக் கொடுக்கும் முன் இதை வாசியுங்கள் (டொயோட்டா அக்வா கார் வைத்திருப்பவர்கள் கட்டாயம்)

மட்டக்களப்பில் ஒரு கார் சாமான் கடையில் பின்பக்க டாஷ்கேமுக்குப் பவர் வயர் இழுக்கக் கொடுத்தேன். பில்லில் எழுதிய சாமான் ஒன்று, காரில் பூட்டியது வேறொன்று. பூட்டிய விதமோ காரையே எரித்துவிடக்கூடியது. முறைப்பாடு கொடுத்திருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை. ஆனால் இதே மாதிரி வேலையை வேறு கார்களிலும் கண்டிருக்கிறேன் என்று பிறகு திருத்தித் தந்த எலெக்ட்ரீஷியன் சொன்னார். அதனால்தான் எழுதுகிறேன்.

என்னுடையது டொயோட்டா அக்வா. முன் கமரா ஏற்கெனவே இருந்தது. கல்முனை வீதியில் தினமும் ஓடுபவர்களுக்குத் தெரியும், பஸ்கள் எவ்வளவு நெருக்கமாகப் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் என்று. இரவில் மாடு குறுக்கே வந்து பிரேக் பிடித்தால் பின்னாலிருந்து இடி நிச்சயம். அதற்காகப் பின் கண்ணாடிக்குத் தனிக் கமரா வாங்கினேன். அது முன் கமராவோடு சேராதது, தனிப் பவர் வேண்டும்.

முன்பக்கப் பியூஸ் பெட்டியிலிருந்து ஹார்ட்வயர் கிட் போட்டு எடுக்கும்படி தெளிவாகச் சொன்னேன். அந்தக் கிட்டில் மூன்று வயர். பெரும்பாலும் மஞ்சள் எப்போதும் கரன்ட் இருக்கும் பியூஸுக்கு, சிவப்பு காரை ஓன் பண்ணினால் மட்டும் கரன்ட் வரும் பியூஸுக்கு, கறுப்பு காரின் இரும்பு உடலுக்கு (பொடி எர்த்). பற்றரியின் வோல்ட் குறித்த அளவுக்குக் கீழே இறங்கினால் இந்தக் கிட் தானாகவே கமராவை நிறுத்திவிடும். இந்த ஒரு காரணத்துக்குத்தான் கூடுதல் காசு கொடுத்துக் கிட் வாங்குகிறோம். கிட்டுக்கு 5,500 ரூபா, கூலி 4,000 ரூபா என்று பில் தந்தார்கள்.

வேலை முடிந்த பிறகு காரை நிறுத்தினாலும் கமராவின் விளக்கு அணையவில்லை. போன் எடுத்துக் கேட்டேன். “அது பார்க்கிங் மோட் அக்கா, அப்படித்தான் இருக்கும், பயப்பிடாதீங்க” என்றார்கள். அதாவது, கார் நிற்கும்போதும் கமரா பதிவு செய்வதாம். நீண்ட லீவில் கார் ஓடாமல் நின்றது. பள்ளிக்கூடம் தொடங்கிய காலையில் பார்த்தால் டாஷ்போர்டில் ‘ரெடி’ வரவில்லை. டிக்கிக் கதவும் திறக்கவில்லை. அக்வா ஹைபிரிட் கார், ஓட்டத்துக்கு வேறு பெரிய பற்றரி இருக்கிறது. என்றாலும் சின்ன 12 வோல்ட் பற்றரி இறங்கிவிட்டால் கார் அசையாது.

களுவாஞ்சிகுடிப் பக்கம் ஒரு எலெக்ட்ரீஷியன் வந்து முன் பொனட்டுக்குள் இருக்கும் ஜம்ப் முனையில் கரன்ட் கொடுத்து எழுப்பினார். அப்புறம் பின் சீட்டைத் தூக்கினார். அக்வாவில் 12 வோல்ட் பற்றரி அங்கேதான் இருக்கிறது. அதன் முனைகளில் நேரடியாக இரண்டு மெல்லிய வயர்கள் சுற்றியிருந்தன. கிட் இல்லை. 5 வோல்ட்டுக்கு இறக்கும் ஒரு மலிவுக் கன்வேர்ட்டர் மட்டும், டேப் சுற்றி, சீட்டின் கீழ். பியூஸ் எதுவும் இல்லை. பிளஸ் வயர் சீட்டின் இரும்பு விளிம்பில் உரசி, மேல்தோல் பாதி தேய்ந்திருந்தது.

இது எவ்வளவு ஆபத்து என்பதைச் சொல்ல வேண்டும். கமரா எடுப்பது 5 வாட் அளவு, அதாவது அரை ஆம்பியருக்கும் குறைவு. ஆனால் அந்த வயர் பொடியில் முட்டினால் பற்றரி நூற்றுக்கணக்கான ஆம்பியரை அதற்குள் தள்ளும். நடுவில் பியூஸ் இல்லாவிட்டால் வயர் ஹீட்டர் கம்பி மாதிரிச் சிவந்துவிடும். அதுவும் சீட் ஸ்பொஞ்சுக்குக் கீழே, ஹைபிரிட் பற்றரிக்குப் பக்கத்தில். அந்தப் பற்றரி 144 வோல்ட். அதிலிருந்து போகும் செம்மஞ்சள் கேபிள்களை, அதற்கென்று பயிற்சி இல்லாத எவரும் தொடவே கூடாது. இப்படிப்பட்ட இடத்தில், வேலை சுருங்கட்டும் என்று ஒரு கடைக்காரர் வெறும் வயர் சுற்றியிருக்கிறார். பின் சீட்டில் என் பிள்ளைகள் இருந்துதான் போய் வந்தார்கள்.

டிக்கிப் பக்கமும் அதே கதை. பொடிக்கும் டிக்கிக் கதவுக்கும் நடுவே ஒரு மடிப்பு ரப்பர் குழாய் இருக்கிறது. கம்பனி வயர்கள் அதற்குள்ளால்தான் போகின்றன, நம்முடையதும் அதற்குள்ளால்தான் போக வேண்டும். இவர்கள் கதவின் பீடிங் ரப்பருக்கு மேலால் இழுத்துவிட்டார்கள். ஒவ்வொரு முறை மூடும்போதும் வயர் நசுங்கும், மாரி மழைக்கு அந்த இடைவெளியால் தண்ணீரும் உள்ளே வரும்.

கடைக்குப் போய் பில்லைக் காட்டினேன். முதலில் “பழைய பற்றரி, அதுதான் இறங்கிருக்கு” என்றார் முதலாளி. பற்றரி மாற்றிக் கொஞ்சக் காலந்தான் என்றேன். பிறகு “கமராவுக்குத்தான் வாரன்டி, வயரிங்குக்கு இல்ல” என்றார். கிட் எங்கே என்ற கேள்விக்குக் கடைசிவரை பதில் இல்லை. பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைத்து முறைப்பாடு செய்தேன். பில்லும், சீட்டைத் தூக்கியபோது எடுத்த போட்டோக்களும் இருந்தது நல்லதாகப் போயிற்று.

எலெக்ட்ரீஷியன் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு முறையாகச் செய்தார். புதிய கிட், பியூஸ் பெட்டியில் பியூஸ் டெப் (பியூஸ் இருக்கும் இடத்திலிருந்து பியூஸோடு தனி வயர் எடுக்கும் துண்டு), அங்கிருந்து கதவடிப் பட்டிக்குக் கீழால் பின்னுக்கு வந்து, ரப்பர் குழாய்க்குள்ளால் டிக்கிக்கு. எயார்பேக், பிரேக் பியூஸ்களில் கை வைக்கவில்லை. கூரை ஓரத்தால் கொண்டுவருவதென்றால் வயர் எயார்பேக்குக்குப் பின்னால் போக வேண்டும் என்றும், அதற்கு முன்னால் போனால் பை விரியும்போது அது தடை என்றும் காட்டி விளங்கப்படுத்தினார். அரை நாள் எடுத்தது. முக்கால் மணித்தியாலத்தில் முடித்துத் தருகிறோம் என்று யாரும் சொன்னால், எந்த வழியால் இழுக்கப்போகிறீர்கள் என்று கேளுங்கள். மூடிகளைத் திரும்பப் பூட்டும் முன் நீங்களே பார்த்து, போட்டோவும் எடுங்கள்.

ஏற்கெனவே வேலை செய்தவர்கள் காரை நிறுத்திவிட்டுக் கமரா விளக்கைப் பாருங்கள். நாட்கணக்கில் அணையாமல் எரிந்தால், தெரிந்த ஒரு எலெக்ட்ரீஷியனைக் கொண்டு சீட்டைத் தூக்கிப் பற்றரி முனையைப் பார்க்கச் சொல்லுங்கள். பியூஸ் இல்லாத மெல்லிய வயர் அங்கே இருந்தால் அன்றைக்கே கழற்றிவிடுங்கள்.