ரேஷன் பாமாயிலா, செக்குக் கடலை எண்ணெயா?

அம்மாவின் ரத்தப் பரிசோதனைச் சீட்டில் எல்டிஎல், அதாவது கெட்ட கொலஸ்ட்ரால், 168 என்று வந்த அன்று எங்கள் காட்பாடி வீட்டில் எண்ணெய்ச் சண்டை ஆரம்பித்தது. டாக்டர் மாத்திரை எழுதவில்லை, மூன்று மாதம் சாப்பாட்டை மாற்றிப் பாருங்கள் என்றார். எதை மாற்றுவது? ரேஷன் பாமாயிலுக்கு என்ன குறைச்சல் என்பது அம்மா கட்சி. அண்ணி சூரியகாந்தி. அப்பாவுக்கு மரச்செக்குக் கடலை எண்ணெய் தவிர மற்றதெல்லாம் விஷம்.

அண்ணி தன் பாக்கெட்டில் 'கொலஸ்ட்ரால் இல்லை' என்று அச்சடித்திருப்பதைக் காட்டினார். அந்த வரிக்கு மதிப்பே கிடையாது. செடி கொடியிலிருந்து வரும் எந்த எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் இருக்காது, பாமாயில் உட்பட. பார்க்க வேண்டியது நிறைவுற்ற கொழுப்பை. அது அதிகமானால், ரத்தத்தில் ஓடும் எல்டிஎல்லைப் பிடித்து உள்ளே இழுக்கிற கல்லீரலின் வேலை மந்தமாகிவிடும்.

இந்தக் கணக்கில் பாமாயில் தோற்றுவிடுகிறது. 100 கிராமில் 40 கிராமுக்கு மேல் நிறைவுற்ற கொழுப்புதான். கடலை எண்ணெயில் 20க்குள், சூரியகாந்தியில் 11 அளவில். தேங்காய் எண்ணெய் 80ஐத் தாண்டும். நல்லவேளை, நம் பக்கம் அது தலைக்குத்தான். ஆனால் அம்மா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ரேஷனில் பாமாயில் லிட்டர் 25 ரூபாய். செக்கு எண்ணெய் விலையைக் கேட்டால் தலை சுற்றும்.

மற்ற இரண்டில், பேப்பரில் ஜெயிப்பது சூரியகாந்திதான். எல்டிஎல்லைக் குறைக்கும் வகைக் கொழுப்பு அதில் அதிகம். ஆனால் அதே கொழுப்பு திரும்பத் திரும்பச் சூடானால் சீக்கிரம் கெட்டுப்போகும். வடை சுட்ட எண்ணெயை எடுத்து வைத்து மறுநாள் தாளிக்கிற எங்கள் வீட்டுக்கு அது சரிப்படாது. (அந்தப் பழக்கமே தப்பு என்பது வேறு கதை.) அதனால் என் ஓட்டு கடலை எண்ணெய்க்கு. ஆரணி, போளூர் பக்கம் மணிலா என்று சொல்லி விளைவிக்கிற கடலைதானே, நமக்கு நாக்குக்குப் பழகிய ருசி.

செக்கா, ரீஃபைண்டா என்ற சண்டையில் மட்டும் நான் அப்பா பக்கம் போகவில்லை. இரண்டிலும் கொழுப்பின் சேர்மானம் ஏறக்குறைய ஒன்றுதான்; மரச்செக்கில் ஆட்டினால் எல்டிஎல் தனியாக இறங்கிவிடாது. மணம் தூக்கலாக இருப்பதால் கொஞ்சமாக ஊற்றினாலே போதும் என்பதற்கு வேண்டுமானால் அப்பாவுக்கு ஒரு மார்க் தரலாம்.

உண்மையில் விஷயம் அந்த 'கொஞ்சமாக'வில்தான் இருக்கிறது. ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 20 கிராம் எண்ணெய் என்று வைத்தால், ஐந்து பேருக்கு மாதம் 3 கிலோ, அதாவது மூன்றேகால் லிட்டர். எங்கள் வீட்டில் ஐந்து லிட்டருக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. அளவைக் குறைத்தபோது விலை வித்தியாசத்திலும் பாதி அடங்கிவிட்டது. அம்மா அதற்கப்புறம்தான் இறங்கி வந்தார்.

ஓட்ஸா, கேவுரு களியா என்று இன்னொரு வழக்கும் நடந்தது. களிக்காகப் பேச எனக்கு ஆசைதான், ஆனால் இதில் ஓட்ஸுக்கே வெற்றி. அதிலுள்ள கரையும் நார் குடலில் பித்தத்தைப் பிடித்து வெளியேற்றிவிடும். புதுப் பித்தம் செய்யக் கல்லீரல் ரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்ளும். கேழ்வரகிலும் நார் நிறைய உண்டு, பெரும்பாலும் கரையாத ரகம். களியோடு கீரைக் கடைசலும், கொள்ளோ காராமணியோ போட்ட குழம்பும் வைத்தால் அந்தக் குறை ஓரளவு தீரும். அம்மாவுக்கு ஓட்ஸ் கஞ்சி காலையில் மட்டும், அதுவும் முகத்தைச் சுளித்துக்கொண்டு.

கத்திரிக்காயும் நல்லதுதான். நம் இலவம்பாடி முள் கத்திரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடே கிடைத்தது. ஆனால் பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளும் எண்ணெய்க் கத்திரிக்காய் என்று செய்தால், அது ஸ்பாஞ்சு மாதிரி எண்ணெயைக் குடித்துவிடும். வேகவைத்துக் கடைந்தால் ஒரு ஸ்பூன் தாளிப்பு போதும், இட்லிக்கும் ஆகும்.

மூன்று மாதம் கழித்து எல்டிஎல் 149. இன்னும் குறைய வேண்டும் என்கிறார் டாக்டர். அப்பளத்தைப் பொரிக்காமல் சுட்டுத் தருவது பற்றி வீட்டில் இப்போது பேச்சுவார்த்தை நடக்கிறது.