ட்ரெயிலரில் ஏற்றும் இரும்பு பாபிகியூ அடுப்பு: நிறையைக் கணக்குப் பார்த்து அடித்தது, சில வருடப் பாவனைக்குப் பிறகு

யாழ்ப்பாணம் கொக்குவிலில் எங்கள் வீட்டில் நிற்கிற இரும்பு பாபிகியூ அடுப்பைப் பார்க்கிற ஆட்கள் முதலில் கேட்பது "இது எத்தனை கிலோ வரும், இழுக்க ஏலுமா" என்றுதான். 147 கிலோ. ஒரு தகடும் வெட்டமுதல் கடதாசியில் போட்ட கணக்கு 150. அந்தக் கணக்கைப் போட பொறியியல் படித்திருக்கத் தேவையில்லை, பெருக்கல் தெரிந்தால் காணும். ஆனால் கன பேர் அடுப்பை அடித்து முடித்துவிட்டுத்தான் ட்ரெயிலர் தாங்குமா என்று யோசிக்கிறார்கள், அந்த நேரம் குறைப்பதற்கு ஒன்றும் மிஞ்சி இருக்காது.

மனதில் வைக்க வேண்டிய இலக்கம் ஒன்றே ஒன்று: ஒரு சதுர மீற்றர் இரும்புத் தகடு, ஒவ்வொரு மில்லிமீற்றர் தடிப்புக்கும் 7.85 கிலோ. 3 மில்லி என்றால் சதுர மீற்றருக்கு 23.5, 5 மில்லி என்றால் 39. எட்டு அடிக்கு நாலு அடி முழுத் தகடு கிட்டத்தட்ட 3 சதுர மீற்றர், ஆக 3 மில்லியில் ஒரு தகடு 70 கிலோ. கடையில் அதை இரண்டு பேர் தூக்கி ஏற்றும்போது அவர்களின் முகத்தைப் பார்த்தாலே கணக்குச் சரியென்று விளங்கும்.

எங்கள் அடுப்பு 5 அடி நீளம், 2 அடி அகலம், 1 அடி ஆழம். மீற்றரில் 1.5, 0.6, 0.3 என்று எடுத்தோம். அடித்தட்டு 0.9 சதுர மீற்றர், நீளப் பக்கம் இரண்டும் சேர்ந்து 0.9, தலைப் பக்கம் இரண்டும் 0.36. எல்லாம் சேர்த்து 2.16, 3 மில்லியில் 51 கிலோ. மூடி 20 சென்ரிமீற்றர் உயரம், 1.74 சதுர மீற்றர், அதை 2 மில்லியில் அடித்தபடியால் 27 கிலோ.

இனி சுடுகிற கம்பித் தட்டு. நிறை ஒளிந்திருக்கிற இடம் இதுதான், பெட்டியை மட்டும் கணக்குப் பார்த்துவிட்டு இதைச் சும்மா கம்பிதானே என்று விடுகிறார்கள். கம்பிக்கு வேறு சூத்திரம், வீட்டு வேலை செய்கிற மேசன்மாருக்கும் தெரியும்: விட்டத்தை மில்லியில் வைத்து வர்க்கித்து 162 ஆல் பிரித்தால் ஒரு மீற்றருக்கு எத்தனை கிலோ என்று வரும். 12 மில்லிக் கம்பி மீற்றருக்கு 0.89 கிலோ, 10 மில்லி 0.62. கம்பிக்குக் கம்பி 25 மில்லி வைத்தால் 5 அடி நீளத்துக்கு 60 துண்டு, ஒவ்வொன்றும் 60 சென்ரிமீற்றர், சுற்றுச் சட்டத்தோடு சேர்த்து 40 மீற்றர் கம்பி. 12 மில்லியில் 36 கிலோ, 10 மில்லியில் 25 கிலோ. நாங்கள் 10 மில்லி போட்டோம், முழுக் கோழிகளை வரிசையாக வைத்தும் இன்றுவரை ஒரு கம்பியும் வளையவில்லை.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கரி போடுகிற தட்டு 2 மில்லியில் 11 கிலோ, 50க்கு 50 எல் அயனில் (L வடிவ இரும்பு, 5 மில்லி தடிப்பு, மீற்றருக்கு 3.77 கிலோ) கால்களும் சட்டமும் 25 கிலோ, புகைக்குழாய் நாலு கிலோ சொச்சம். பிணைச்சல், கைபிடி, வெல்டிங் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஐந்து வீதம் கூட்டினால் 150. பழைய இரும்பு வாங்குகிற கடையின் தராசில் ஏற்றி நிறுத்தபோது 147 காட்டியது. அந்த மூன்று கிலோ எங்கே போனது என்று தகட்டு விளிம்பில் வேணியர் பிடித்துப் பார்த்தோம்: 3 மில்லி என்று வாங்கியது 2.8 தான் இருந்தது. அதனால் தகடு வாங்கும்போது விளிம்பை அளந்து பார்த்து வாங்குங்கள், நிறைக்கும் நல்லது, காசுக்கும் நல்லது.

தடிப்பு விசயத்தில்தான் எங்கள் ஊரில் கூடச் சண்டை. வெளிநாட்டிலிருந்து வருகிற சொந்தக்காரர் எல்லோரும் 6 மில்லி போடு, சூடு நிற்கும் என்பார்கள். வெல்டிங் அண்ணை சொன்னது, "தம்பி, இழுத்துக்கொண்டு திரியப் போறியள் எண்டால் மூண்டு மில்லி காணும்." அவர் சொன்னது எவ்வளவு சரி என்பது இத்தனை காலம் பாவித்த பிறகு நன்றாகத் தெரிகிறது. பெட்டியையும் மூடியையும் 5 மில்லியில் அடித்திருந்தால் அந்த இரண்டு மட்டும் 153 கிலோ, இப்போது இருப்பதை விட 75 கிலோ கூட. வீட்டு முற்றத்தில் ஒரே இடத்தில் நிற்கிற அடுப்புக்கு அது நல்லதுதான், சூடு ஏறச் சுணங்கினாலும் ஏறினால் இறங்காது. ஆனால் வேலணைக்கும் காரைநகருக்கும் கொண்டு போகிற அடுப்புக்கு அது தேவையில்லாத பாரம். சிரட்டைக்கரி நல்ல சூடு தரும், மூடியை மூடி வைத்தால் 3 மில்லியிலேயே ஒரு ஆட்டுத்தொடை வேகிற அளவுக்குச் சூடு நிற்கிறது. மூடி 2 மில்லியாக இருப்பதன் அருமை அதைத் திரும்பத் திரும்பத் திறக்கிற கைக்குத் தெரியும். பின்னால் பிணைச்சல் உள்ள மூடியைத் தூக்க அதன் நிறையில் பாதியளவு பலம் வேண்டும், எங்களுடையதுக்கு 13, 14 கிலோ. 3 மில்லியில் அடித்தால் 20 கிலோவுக்கு மேல், அக்காமார் ஒரு கையில் கரண்டியோடு அதைத் திறக்க முடியாது.

தகடு எரிந்து போகாமல் அடியில் மணல் போடு என்று சொல்கிறவர்களும் உண்டு. முற்றத்து அடுப்புக்குப் போடுங்கள். எங்கள் பெட்டியில் 5 சென்ரிமீற்றர் உயரத்துக்குக் காய்ந்த மணல் போட்டால் 45 லீற்றர், 72 கிலோ, மழை நனைத்தால் இன்னும் கூட. சூடு தாங்குகிற தீச்செங்கல் பரப்பினால் 34 கல், ஒன்று மூன்றரைக் கிலோப்படி 119 கிலோ. அதற்குப் பதிலாக நாங்கள் கரித்தட்டை அடித்தட்டுக்கு மேலே நாலு விரல் இடைவெளி விட்டு வைத்திருக்கிறோம். எரிந்து வளைவது அந்தத் தட்டுத்தான், வளைந்தால் மாற்றுவோம், 11 கிலோவோடு போய்விடும்.

இனி ட்ரெயிலர். பழைய வான் ஒன்றின் அச்சில் அடித்த சின்னப் பெட்டி, மச்சானின் டபுள் கப் பிக்கப் வாகனத்தில் கொழுவி இழுப்பது. வெறும் ட்ரெயிலர் 170 கிலோ, அடுப்பு 147, இரண்டு பை கரி 35, ஐஸும் இறைச்சியும் நிரம்பிய ஐஸ் பெட்டி 60, தண்ணீர்க் கான் 20, மேசை கத்தி பலகை எல்லாம் 25. மொத்தம் 457. ரயரின் பக்கத்தில் 88 என்று சுமை எண் அடித்திருக்கிறது, அப்படியென்றால் ஒரு ரயர் 560 கிலோ தாங்கும், ஆகவே அதில் கவலை இல்லை. பார்க்க வேண்டியது கொழுவுகிற முனையில் எவ்வளவு பாரம் இருக்கிறது என்பது. மொத்தத்தில் பத்திலிருந்து பதினைந்து வீதம் அங்கே இருக்க வேண்டும், எங்களுக்கு 46 இலிருந்து 69 கிலோ வரை. அதை நிறுக்க வீட்டில் ஆள் ஏறி நிற்கிற தராசே போதும்: தராசின் மேல் ஒரு மரக்குற்றி, அதன் மேல் முனை, வழமையாகக் கொழுவுகிற உயரத்தில் மட்டமாக, பிறகு குற்றியின் நிறையைக் கழித்துவிடுங்கள். ஐஸ் பெட்டி முன்னால் இருக்கும்போது எங்களுக்கு 55 காட்டும்.

அந்த ஐஸ் பெட்டியைப் பின்னால் மாற்றி வைத்தால் என்ன நடக்கும் என்பது ஒருமுறை சாட்டிக் கடற்கரைக்குப் போகிற வழியில் தெரிந்தது. சாமான் ஏற்றின பெடியள் இடம் வசதி என்று அதைக் கடைசியில் தள்ளிவிட்டார்கள். சோளகக் காற்றுக் காலம், கடலுக்குக் குறுக்கே போகிற பண்ணைப் பாதையில் ஏறி வேகம் கொஞ்சம் கூடியதும் ட்ரெயிலரின் வால் இடமும் வலமும் அடிக்கத் தொடங்கியது, பிறேக்கைப் போட்டு அமத்தாமல் மெல்ல மெல்ல வேகத்தை விட்டுத்தான் மச்சான் ஓரங்கட்டினார். காரணம் சின்னக் கணக்கு: 60 கிலோ ஒன்றரை மீற்றர் பின்னால் போனது, அச்சிலிருந்து கொழுவி 1.8 மீற்றர், ஆக முனையிலிருந்து 50 கிலோ குறைந்துவிட்டது. 55 இல் 50 போனால் மிச்சம் 5. பெட்டியை முன்னால் மாற்றினோம், அதே காற்றில் அதே வேகத்தில் ஆடாமல் வந்தது. அன்றிலிருந்து ட்ரெயிலர் தட்டில் ஐஸ் பெட்டிக்குப் பெயின்ற்றால் கட்டம் போட்டிருக்கிறது.

பொருத்துவதிலும் ஒரு விசயம். அடுப்பைத் தட்டோடு வெல்ட் பண்ணாதீர்கள். ஒன்றரை மீற்றர் இரும்பு 300 பாகை சூடேறினால் 5 மில்லிக்கு மேல் நீளும். எங்கள் அடுப்பு அரை அங்குலப் போல்ட் நாலில் நிற்கிறது, ஒரு பக்கத்துத் துளைகள் வட்டம், மற்றப் பக்கத்துத் துளைகள் நீளவாக்கில் இழுத்து வெட்டியவை, அதனால் நீளவும் சுருங்கவும் இடம் இருக்கிறது. அப்படியிருந்தும் முன்கால் ஒன்றின் அடியில், வெல்டிங் முடிகிற இடத்தில், மயிர் போல ஒரு வெடிப்பு வந்தது. அது சூட்டால் வந்ததில்லை, குழிகளால் வந்தது. நின்றால் 147 கிலோ, குழியில் விழுந்து எழும்பும்போது காலுக்கு அது அதைவிட எவ்வளவோ கூட. நாலு காலுக்கும் முக்கோணத் துண்டு வைத்து ஒட்டிய பிறகு அந்தப் பிரச்சினை வரவில்லை. முதலே வையுங்கள், நாலும் சேர்ந்து இரண்டு கிலோவும் வராது.

உப்புக்காற்றுத்தான் இந்த அடுப்பின் உண்மையான எதிரி. வெளியே பூசிய சூடு தாங்குகிற பெயின்ற் அடிப்பக்கம் உரிந்துவிட்டது, உள்ளே பெயின்ற் இல்லை, ஒவ்வொரு முறையும் சூடு ஆறமுதல் தேங்காய் எண்ணெய் துடைத்துவிடுவோம், அந்தக் கறுப்புப் படை நன்றாகப் பிடித்திருக்கிறது. சாம்பலை உள்ளே விட்டால் அது ஈரத்தை இழுத்து வைத்துத் தகட்டைத் தின்னும், மாரி மழைக் காலத்தில் இரண்டு மடங்கு. நல்லூர்த் திருவிழா 25 நாளும் எங்கள் பக்கம் மச்சம் (இறைச்சி, மீன்) இல்லை, அடுப்புக்கும் ஓய்வு, அந்த நாட்களில்தான் சுரண்டி, எண்ணெய் பூசி, சில்லுக்குக் கிறீஸ் அடித்து வைப்பது. திருவிழா முடிய வெளிநாட்டுச் சனம் திரும்பிப் போகமுதல் ஒரே ஓட்டம்.

நிறை குறைய வேண்டும் என்றால் 200 லீற்றர் பரல் இருக்கிறது, முழுதாகவே 20 கிலோ அளவுதான். ஒரு சித்தப்பா வீட்டில் அதுதான். ஆனால் தகடு ஒரு மில்லி, கடற்கரைப் பக்கம் அதிகம் தாக்குப் பிடிக்காது, உள்ளே பூச்சு இருந்தால் வெறுமையாக நன்றாக எரித்து எடுத்த பிறகுதான் சமைக்கலாம். கல்வனைஸ் தகடு மட்டும் வேண்டவே வேண்டாம், அதில் பூசியிருக்கிற துத்தநாகத்தின் புகை உடம்புக்குக் கேடு.

இப்போது எங்கள் பெட்டியின் பின்மூலையில் அடித்தட்டு 2.2 மில்லிக்கு வந்துவிட்டது, மற்ற இடமெல்லாம் நல்ல திடம். மாரிக்கு முதல் அடித்தட்டை மட்டும் வெட்டி மாற்றப் போகிறோம், 21 கிலோத் தகடு. அதோடு சேர்த்துக் கால்களையும் சட்டத்தையும் 40க்கு 40 எல் அயனுக்கு, 4 மில்லித் தடிப்பில், இறக்கினால் 25 கிலோ 16 ஆகும். முக்கோணத் துண்டு இருக்கிறபடியால் அது தாங்கும் என்று அண்ணையும் சொல்கிறார்.