வெளிவட்டச் சாலையில் வேலைக்குப் போக 500டி பஸ்ஸா, சொந்தக் காரா?

கம்மனஹள்ளி, லிங்கராஜபுரம், கல்யாண் நகர் பக்கம் குடியிருந்துகொண்டு, வெளிவட்டச் சாலையிலுள்ள மாரத்தஹள்ளிக்கும் பெல்லந்தூருக்கும் வேலைக்குப் போகும் நம்மவர்கள் பெங்களூரில் ஏராளம். ஒயிட்ஃபீல்டு போகிறவர்களுக்கு 2023 அக்டோபரில் மெட்ரோ வந்துவிட்டது. எலக்ட்ரானிக் சிட்டிக்கு 2025 ஆகஸ்டில் மஞ்சள் தடம் திறந்தது. வெளிவட்டச் சாலைக்காரர்களுக்கோ மெட்ரோ பணிக்காகத் தோண்டிய சாலைதான் மிச்சம். ஹெப்பாளிலிருந்து சில்க் போர்டு சந்திப்புக்குப் போகும் 500டி பஸ்ஸில் ஏற வேண்டும். இல்லையென்றால் சொந்த வண்டியை எடுக்க வேண்டும். இரண்டிலும் போய்வந்து பார்த்த பிறகு நான் பஸ்ஸின் கட்சி. ஆனால் கார்க்காரர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

பணக் கணக்கு சீக்கிரம் முடிந்துவிடும். கல்யாண் நகரிலிருந்து பெல்லந்தூர் ஏறத்தாழ 17 கிலோமீட்டர், போய்வர 34. இந்த நெரிசலில் கார் லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுத்தாலே பெரிது. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாயைத் தாண்டி வெகுகாலம் ஆகிறது. நாளுக்குச் சுமார் 300 ரூபாய், மாதம் 22 வேலை நாள் என்றால் 6,600. மாதத் தவணை, காப்பீடு, சர்வீஸ் எல்லாம் தனி. பஸ்ஸில், 2025 ஜனவரியில் கட்டணத்தை 15 சதவீதம் உயர்த்திய பிறகும், பெங்களூர் நகரப் பேருந்துக் கழகமான பிஎம்டிசியின் சாதாரண மாத பாஸ் 1,200 ரூபாய்தான். வஜ்ரா எனப்படும் ஏசி பஸ்ஸுக்கு ஏறத்தாழ 2,000.

பெண்களுக்கு 2023 ஜூன் 11 முதல் சக்தித் திட்டத்தின்படி சாதாரண பஸ்ஸில் கட்டணமே கிடையாது. இங்கே நம் வீட்டுப் பெண்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு: சலுகை கர்நாடகத்தில் வசிப்பவர்களுக்கு மட்டும். காட்டும் அடையாள அட்டையில் இன்னும் திருநெல்வேலி முகவரியோ வேலூர் முகவரியோ இருந்தால் டிக்கெட் எடுத்தாக வேண்டும். முகவரியை மாற்றும் வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். வஜ்ராவில் இந்தச் சலுகை இல்லை.

உண்மையான போட்டி நேரத்தில்தான். கார் நாம் கிளம்பும்போது கிளம்பும், அலுவலக வாசலில் விடும். பஸ்ஸுக்கு நிறுத்தம் வரை நடக்க வேண்டும், காத்திருக்க வேண்டும், இறங்கிய பிறகும் நடக்க வேண்டும். நெரிசல் நேரத்தில் கால் மணி முதல் அரை மணி வரை கூடுதலாகப் பிடிக்கிறது. ஆனால் கே.ஆர்.புரம் பக்கத்து டின் ஃபேக்டரி சந்திப்பை நெருங்கிவிட்டால் இரண்டுக்கும் ஒரே வேகம். காரில் இருப்பவரின் இடது கால் கிளட்சை விட்டு எடுக்க முடியாது. இரண்டு பக்கமும் பைக்குகள் கண்ணாடியை உரசிக்கொண்டு நுழையும். முன்னால் நிற்கும் டெம்போ ஓர் அடி நகர்ந்தால் நாமும் ஓர் அடி நகர வேண்டும். நகராவிட்டால் பின்னால் ஹாரன். அலுவலகத்தில் போய் உட்காரும்போதே பாதி ஆள் தீர்ந்துவிடுகிறார்.

அதே இடத்தில் பஸ்ஸுக்குள், "முந்தே ஹோகி, முந்தே ஹோகி" (முன்னால் போங்கள்) என்று கண்டக்டர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வருவார். நின்றபடி வரும் நாட்கள் உண்டு, முதுகுப்பையை மார்பில் மாட்டிக்கொண்டு. ஆனாலும் கண்ணும் கையும் மூளையும் நம்முடையவை. மாரத்தஹள்ளியில் பாதிப் பேர் இறங்கிவிட்டால் உட்கார்ந்து படிக்கலாம், தூங்கலாம். எனக்குக் கன்னடம் கொஞ்சம் ஓடுவது இந்த பஸ்ஸால்தான். கால் மணி கூடுதலாகக் கொடுத்தாலும் ஒன்றே கால் மணி நேரம் எனக்கே திரும்பக் கிடைக்கிறது.

அந்தக் கால் மணியையும் இழக்க வேண்டியதில்லை என்பதுதான் என் ஆதங்கம். 2019 இறுதியில் இதே சாலையில், சில்க் போர்டுக்கும் கே.ஆர்.புரத்துக்கும் இடையே, பஸ்ஸுக்கென்று தனித்தடம் ஒதுக்கினார்கள். கார்கள் நின்ற இடத்திலேயே நிற்க, பஸ் இடது ஓரமாகக் கடந்து போனது. கொரோனாவும் அதன் பின் தொடங்கிய மெட்ரோ பணியும் அந்தத் தடத்தை விழுங்கிவிட்டன. அறுபது பேரை ஏற்றிய பஸ், ஒற்றை ஆள் உட்கார்ந்திருக்கும் கார்களின் பின்னால் வரிசையில் நிற்பது எந்த விதத்தில் நியாயம்? மெட்ரோ பணி முடிந்த இடங்களிலாவது அந்தத் தடத்தை மீட்டுத் தர வேண்டும்.

மழை நாளில் ஒன்றைவிட மற்றது மேல் என்று சொல்ல முடியாது. 2022 செப்டம்பரில் பெல்லந்தூர்ப் பக்கம் வெள்ளம் சூழ்ந்தபோது ஊழியர்கள் டிராக்டரில் ஏறி வேலைக்குப் போனார்கள். சாதாரண மழைக்கு, உயரமாக நிற்கும் பஸ் கொஞ்சம் தைரியம் தரும்.

கார்தான் சரி என்று நான் ஒப்புக்கொள்ளும் இடங்கள் உண்டு. வழியில் பிள்ளையைப் பள்ளியில் விட வேண்டியவர்கள், வயதான பெற்றோரை மருத்துவமனைக்கு அழைத்துப் போகும் நாட்கள், நள்ளிரவில் வேலை முடிகிறவர்கள். இரண்டு பஸ் மாற வேண்டிய இடத்தில் வீடு இருந்தாலும் அப்படித்தான். இரண்டாவது காத்திருப்பு கணக்கைக் கெடுத்துவிடும். மற்றவர்கள் தாராளமாக ஏறலாம். வாரம் மூன்று நாள் மட்டும் அலுவலகம் போகிறவர்களுக்கு மாத பாஸ் வேண்டாம். அன்றன்று டிக்கெட் எடுத்தாலே குறைவாக முடியும்; ஊருக்குள் வேறு அலைச்சலும் இருக்கும் நாளில் 80 ரூபாய் நாள் பாஸ் போதும்.