மேக்ரோ பதிவு: எக்செல், கால்க், கூகுள் ஷீட்ஸ் மூன்றில் எதைத் திருத்த முடிகிறது?

மாதாமாதம் ஒரே அச்சில் வந்து சேரும் பட்டியல் ஒன்று என் தலையில் விழுந்தது. தேவையில்லாத நெடுவரிசைகளை நீக்கி, தேதிப்படி அடுக்கி, தலைப்பைத் தடிமனாக்கி, கடைசியில் கூட்டுத்தொகை போட வேண்டும். இதையே எக்செல், லிப்ரே ஆபீஸ் கால்க், கூகுள் ஷீட்ஸ் மூன்றிலும் மேக்ரோவாக, அதாவது ஒருமுறை செய்துகாட்டினால் அப்படியே திரும்பச் செய்யும் பதிவாகப் பதிந்து பார்த்தேன். கடைசியில் எக்செல்லிலேயே தங்கிவிட்டேன்.

பதிவு செய்வது மூன்றிலும் ஒரே கதைதான்: தொடங்கு, வேலையைச் செய், நிறுத்து. கால்க்கில் மட்டும் அந்த வசதி மறைந்திருக்கும். விருப்பங்களில் மேம்பட்ட பகுதிக்குப் போய் டிக் போட்டால்தான் மெனுவில் தலைகாட்டும். 'வரம்புக்குட்பட்டது' என்று அங்கேயே எச்சரித்தும் விடுகிறார்கள். ஷார்ட்கட் வைப்பது, பெயர் வைப்பது பற்றியெல்லாம் சொல்ல ஒன்றுமில்லை.

விஷயம் அடுத்த மாதம்தான் தெரியும். நான் பதிந்த மாதம் பட்டியல் 214ஆவது வரிசையில் முடிந்தது, கூட்டுத்தொகை 215இல். அடுத்த மாதப் பட்டியல் 231 வரை போயிற்று. மேக்ரோவை ஓட்டினேன். 215ஆவது வரிசையில் இருந்த தொகையின் மேலேயே கூட்டுத்தொகை ஏறி உட்கார்ந்துகொண்டது. கண்ட்ரோல் இசட் அழுத்தினால், அதுவும் கைவிட்டது. எக்செல்லில் மேக்ரோ தாளை மாற்றிவிட்டால் செயல்தவிர் பட்டியலே காலியாகிவிடும். அன்றிலிருந்து, ஓட்டுவதற்கு முன் ஒரு நகல்.

மேக்ரோவைப் பதியும் ரெக்கார்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. அது கை போன இடத்தை எழுதி வைக்கும், ஏன் போனது என்று அதற்குத் தெரியாது. 'பட்டியல் முடியும் வரை' என்பதோ, 'இது இருந்தால் அதைச் செய்' என்பதோ பதிவில் வராது. அதை நாம்தான் எழுதிச் சேர்க்க வேண்டும். ஆக, ரெக்கார்டர் எழுதித் தரும் நிரலை வாசிக்க முடிகிறதா என்பதுதான் எனக்கு முக்கியமான கேள்வி.

எக்செல்லில் ஆல்ட் எஃப்11 அழுத்தித் திறந்தால் விபிஏ (எக்செல்லின் மேக்ரோ மொழி) நிரல் கிட்டத்தட்டப் பேசுகிற மாதிரியே இருக்கும். தலைப்பைத் தடிமனாக்கியதற்கு இரண்டே வரி: இந்த ரேஞ்சைத் தேர்ந்தெடு, தேர்ந்ததன் எழுத்தைத் தடிமனாக்கு. இரண்டையும் ஒட்டி ஒரே வரியாக்கினால் ஓட்டமும் வேகமாகும். குப்பையும் வரும், மறுக்கவில்லை. திரையை உருட்டியதைக்கூட வரிவரியாக எழுதி வைத்திருக்கும். பக்க அமைப்பில் ஒரு விளிம்பை மாற்றினால் அந்தப் பெட்டியில் உள்ள எல்லாவற்றையும் கொட்டும். ஆனால் எது குப்பை என்று பார்த்தாலே தெரிகிறது, அழித்துவிடலாம். எஃப்8 அழுத்தி ஒவ்வொரு வரியாக ஓட்டிப் பார்க்கவும் முடியும்.

என் கூட்டுத்தொகை சிக்கலுக்கு இரண்டே திருத்தம் போதுமாக இருந்தது. ஒன்று, நிலையாக எழுதியிருந்த 215க்குப் பதில், தாளின் அடிமட்டத்திலிருந்து மேலே வந்து முதலில் தட்டுப்படும் நிரம்பிய செல்லைக் கண்டுபிடித்து, அதற்கு அடுத்த வரிசை. மேலிருந்து கீழே தேடினால் நடுவில் காலி செல் ஒன்று வந்தாலே நின்றுவிடும். இரண்டு, சூத்திரத்தில் '213 வரிசை மேலே' என்று பதிவாகியிருந்ததை, '2ஆவது வரிசையிலிருந்து' என்று மாற்றினேன். இந்த இரண்டையும் கண்டுபிடிக்க விபிஏ படித்திருக்க வேண்டியதில்லை. 213 என்ற எண்ணே காட்டிக் கொடுத்தது.

அதே தடிமனுக்குக் கால்க் எட்டு வரி எழுதுகிறது. முதலில் ஒரு மாறியை அறிவிக்கும், அதற்குப் பெயர் தரும், மதிப்பு தரும், பிறகு மெனுக் கட்டளைகளை நிறைவேற்றும் டிஸ்பேட்சருக்கு அனுப்பும். செல்லுக்குப் போக ஒரு தடவை, தடிமனாக்க இன்னொரு தடவை. மெனுவில் எதை அழுத்தினோம் என்பதன் பதிவு அது. ஒழுங்காகச் செய்ய வேண்டுமென்றால் தாளையும் செல்லையும் நேரடியாகக் கையாளும் ஏபிஐயை (நிரலிலிருந்து கட்டளையிடுவதற்கான வழிகளை) கற்று, முதலிலிருந்து எழுத வேண்டும்; பதிந்த நிரல் அதற்கு வழிகாட்டாது. ஏபிஐ தெரிந்தவருக்குக் கால்க் நல்ல கருவிதான். ஆனால் அவர் ரெக்கார்டரைத் தொடவே போவதில்லை.

கூகுள் ஷீட்ஸில் சின்னச் சின்னத் தாள்களில் மட்டும்தான் பழகியிருக்கிறேன், அதனால் என் பேச்சை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள். ஆப்ஸ் ஸ்கிரிப்ட் என்ற பெயரில் அது எழுதித் தருவது ஜாவாஸ்கிரிப்ட். வாசிக்கவும் சுத்தமாக இருக்கிறது, கடைசி வரிசையைக் கேட்க நேரடி வசதியும் உண்டு. ஓட்டம் கூகுளின் சர்வரில் நடப்பதால் ஒரு ஓட்டத்துக்கு 6 நிமிட வரம்பு இருக்கிறது. நான் அதை எட்டியதில்லை. பலர் ஒரே தாளைத் திறந்து வைத்து வேலை செய்கிற இடமென்றால் நானே அதைத்தான் எடுப்பேன். எக்செல் மேக்ரோவை ஒருவருக்கு அனுப்புவது தனித் தலைவலி: கோப்பை மேக்ரோவைத் தாங்கும் எக்ஸ்எல்எஸ்எம் வடிவில் சேமிக்க வேண்டும், இணையம் வழியாக வந்த கோப்பின் மேக்ரோவை 2022 முதல் எக்செல் தானாகவே தடுக்கிறது, உலாவியில் திறக்கும் எக்செல்லில் விபிஏ ஓடவே ஓடாது. என் பட்டியலை நான் மட்டும்தான் திறக்கிறேன். அதனால் இந்த வம்பு என்னைத் தொடவில்லை.