மாடல் 100 கணினிக்கு ராம் நினைவகம் கூட்ட மூன்று வழிகள்: என் ஓட்டு 6264 சிப்புக்கு

துபாயிலிருந்து மாமா கொண்டுவந்த டிஆர்எஸ்-80 மாடல் 100 என்ற சின்னக் கையடக்கக் கணினி பாலக்காடு பக்கம் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டில் இன்னும் ஓடுகிறது. 1983-ல் வந்த மெஷின், நான்கு பென்சில் பேட்டரி, எட்டு வரித் திரை, விசைப்பலகை இன்றைக்கும் தட்டத் தட்ட ஆசையாக இருக்கும். குறை ராம்தான். வெறும் 8 கே (கிலோபைட்), மெனுவின் அடியில் 5062 பைட் காலி என்று காட்டும், மூன்று பக்கம் எழுதினால் நிரம்பிவிடும்.

எவ்வளவு ஏற்றினாலும் ஒரே நேரத்தில் 32 கே-தான் உச்சம். 80சி85 செயலிக்கு மொத்தம் 64 கே முகவரி, கீழ்ப்பாதி நிரந்தர நிரல்கள் இருக்கும் ரோமுக்குப் போய்விடுகிறது. ஆக உள்ளே காலியாக இருக்கும் மூன்று சாக்கெட்டில் 24 கே சேர்க்க வேண்டும், அவ்வளவுதான் கேள்வி.

முதல் வழி, பழைய ஒரிஜினல் 8 கே ராம் மாட்யூல் கிடைத்தால் சாக்கெட்டில் அழுத்தினால் போதும், ஈயம் உருக்க வேண்டாம். ஆனால் ஒவ்வொன்றும் நான்கு 2 கே சிப் சேர்ந்த நாற்பது வருடப் பொருள். அதைத் தேடி அலைவதை நான் விட்டுவிட்டேன்.

அடுத்தது 6264 என்ற ராம் சிப். ஒரே சிப்பில் 8 கே, ஒரு சாக்கெட்டுக்கு ஒன்று. இதற்கும் 28 கால், மாட்யூலுக்கும் 28 கால், அதை நம்பி நேராகச் செருகிவிடாதீர்கள், கால் வரிசை வேறு. நடுவில் ஒரு சின்ன அடாப்டர் போர்டு செய்து கால்களை மாற்றி இணைக்க வேண்டும். மூன்று போர்டு, ஒன்றுக்கு ஒரு மாலை வேலை, அப்புறம் மல்டிமீட்டரில் ஒவ்வொரு காலாகப் பார்க்க இன்னொரு மாலை. வாங்கும்போது பெயரில் எல்பி என்று வரும், குறைந்த மின்சாரம் குடிக்கும் சிப்தானா என்று பாருங்கள். மெஷினை அணைத்த பிறகு நினைவைக் காப்பது போர்டில் இருக்கும் 3.6 வோல்ட், 50 மில்லி ஆம்பியர்-மணி நிக்கல் காட்மியம் செல் மட்டும்தான், சாதா சிப் அதைச் சீக்கிரம் உறிஞ்சிவிடும். கோவையில் ஒரு கடையில் எல்பி என்று சொல்லிக் கொடுத்ததை நம்பிப் போட்டு, இரண்டு நாள் கழித்துத் திறந்தபோது எழுதியது மொத்தமும் போயிருந்தது. இன்னும் மனசு ஆறவில்லை.

மூன்றாவது 62256 என்ற பெரிய ராம் சிப். ஒரே சிப்பில் 32 கே, அதில் 24 பயன்படும். சிப் செலவு ஒன்றோடு முடிகிறது, மின்சாரமும் குறைவு, கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மூன்று சாக்கெட்டுக்கும் தனித்தனியே வரும், எந்தச் சிப் வேலை செய்ய வேண்டும் என்று சொல்லும் தேர்வு சிக்னல்களை ஒன்றாக்க வேண்டும், கூடுதல் முகவரிக் கம்பிகளைப் போர்டிலிருந்தே எடுக்க வேண்டும். பழைய போர்டில் சூடு கொஞ்சம் கூடினால் செப்புத் தடம் உரிந்து வந்துவிடும். ஒரு தடம் எனக்கு அப்படிப் போனது, முடி மாதிரி ஒயர் வைத்து ஒட்டுப் போட்டிருக்கிறேன். சிப் செத்தால் 24 கே-யும் சேர்ந்து போகும். 6264-ல் அந்த ஒன்றைப் பிடுங்கி வேறு செருகினால் சரி, மெஷினில் ஒரு கீறல் விழாது. இந்த ஒரு காரணத்துக்காகவே நான் 6264 பக்கம். இதற்கு அடுத்து வந்த மாடல் 102 வைத்திருப்பவர்களுக்கு இந்த யோசனையே வேண்டாம், அதில் 6264 நேராகச் செருகும்.

எதைச் செய்தாலும் மார்கழி, தை மாதத்தில் செய்யாதீர்கள். எங்கள் பாலக்காட்டுக் கணவாயில் வறண்ட கிழக்குக் காற்று அடிக்கும் நாட்களில் உடம்பில் ஏறும் மின்னூட்டம் சிமாஸ் வகையான இந்தச் சிப்பைத் தொட்டவுடனே கொன்றுவிடும். ஆடி மழையில் உட்கார்ந்து செய்தால் அந்தப் பயம் குறைவு, என்றாலும் தரையிணைப்புப் பட்டையைக் கையில் கட்டிக்கொள்ளுங்கள்.

திறக்கும்முன் அடியில் இருக்கும் மெமரி பவர் சுவிட்சை அணைத்துவிடுங்கள். அங்கே இருக்கும் சிறு மூடி ரோமுக்கானது, ராமுக்கு நான்கு திருகையும் கழற்ற வேண்டும். அந்த நிக்கல் காட்மியம் செல் கசிந்து பச்சை பூத்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். 6264 மூன்றையும் ஒரே தடவையில் செருகாமல் ஒவ்வொன்றாகச் செருகி ஒவ்வொரு தடவையும் மெனுவில் காலி பைட்டைப் பாருங்கள்: முதலில் 13254, அடுத்து 21446, கடைசியில் 29638.